மகளைத் திருப்பிக் கூப்பிட ஒரு வசனம்

என் மகள் மடத்தில் சேர்ந்தபோது எல்லோரும் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். பங்குக் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் இருவரையும் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி, எனக்கு ஒரு சால்வையும் என் மனைவிக்கு ஒரு சால்வையும் போர்த்தினார்கள். கொடுத்து வைத்த குடும்பம் என்று மைக்கில் சொன்னார்கள். கோயிலே கை தட்டியது. நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

எங்கள் கத்தோலிக்க வீடுகளில் பெண்ணை மடத்துக்கு அனுப்பும் அப்பா அழக்கூடாது. கல்யாணம் பண்ணிக் கொடுக்கிற அப்பா மண்டபத்தில் தேம்பித் தேம்பி அழலாம், பக்கத்தில் நிற்பவர்களும் சேர்ந்து மூக்கைச் சிந்துவார்கள். மடத்துக்கு அனுப்புகிறவன் அழுதால் கடவுளுக்குக் கொடுக்க மனசில்லாதவன் என்று ஆகிவிடும். எனக்கு மனசில்லை என்பதுதான் உண்மை. அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை.

அவள் அதைச் சொன்னதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். மந்தைவெளி வீட்டில் மூன்று பேரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். பி.காம் முடித்து ஆடிட்டர் ஆபீசில் ஒரு வருடம் வேலை பார்த்திருந்தாள். நல்ல சம்பளம் என்று சொல்ல முடியாது, ஆனால் நல்ல பெயர் எடுத்திருந்தாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அப்பா, நான் சிஸ்டராகப் போறேன்" என்றாள்.

"ஏம்மா?"

"கடவுளைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் யாரோ சொல்லிக் கேட்டதுதான். நானே தெரிஞ்சுக்கணும்னு தோணுது."

"அதுக்கு எதுக்கு மடம்? வீட்ல இருந்தே தெரிஞ்சுக்கோ. உங்கம்மா தெரிஞ்சுக்கல?"

என் மனைவி அப்பளத்தை வைத்துவிட்டு, "நான் எங்க தெரிஞ்சுக்கிட்டேன்? எனக்குச் சமைக்கவே நேரம் சரியா இருக்கு" என்றாள். எனக்குத் துணை நிற்பாள் என்று நினைத்த இடத்திலேயே காலை வாரிவிட்டாள். அதன் பிறகு ஆறு மாதம் நான் கத்தினேன், கெஞ்சினேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். மகள் ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஜூன் மாதம் ஒரு சின்னப் பெட்டியோடு போய்விட்டாள்.

மடம் திருச்சியிலோ மதுரையிலோ இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அது இருப்பது அடையாற்றில். எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோ ஏறினால் ஒரு பேச்சை ஆரம்பித்து முடிப்பதற்குள் வந்துவிடும். ஆனால் பயிற்சியில் இருக்கும் பெண்களைப் பார்க்க மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு மதியம்தான் அனுமதி. மாதத்தின் முதல் ஞாயிறு போனில் பேசலாம். அவ்வளவுதான். துபாயில் மகளைக் கட்டிக்கொடுத்த என் அண்ணன், பேத்திக்குப் பல் முளைப்பதைத் தினமும் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கு அடையாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மகளைப் பார்க்க வழியில்லை.

நான் தரமணியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை செய்கிறேன். மற்றவர்கள் எழுதிக் கொடுக்கும் புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை. வீட்டிலும் அதே புத்திதான் என்பது மனைவியின் புகார். வேலை முடிந்தால் பறக்கும் ரயிலில் ஏறி நேராக மந்தைவெளியில் இறங்கிவிடலாம். மகள் போன பிறகு நான் ரயிலை விட்டுவிட்டு பஸ்ஸில் அடையாறு வழியாக வர ஆரம்பித்தேன். மடத்துச் சுவர் இருக்கும் தெருமுனையில் இறங்கி, எதிரே இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். உயரமான சுவர். அதற்கு மேலே ஒரு வாதாம் மரமும் மாடியில் காயும் துணிகளும் தெரியும். அவளுடைய துணி எது என்று பார்ப்பேன். எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கும்.

ஒரு நாள் இளநீர்க்காரர் கேட்டுவிட்டார். "இன்னா சார், தெனம் இங்கயே நின்னுக்கினு கீற? இடம் கிடம் வாங்கப் போறியா?"

"இல்லப்பா. என் பொண்ணு உள்ள இருக்கு. சிஸ்டருக்குப் படிக்குது."

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரே பொண்ணா?"

"ஆமா."

"அடப்பாவமே" என்றார்.

அத்தனை பேர் வாழ்த்தியதில் அந்த ஒரு மனிதர்தான் எனக்கு அடப்பாவமே சொன்னார். அன்றைக்கு இரண்டு இளநீர் குடித்தேன்.

முதல் சந்திப்பு ஞாயிறு வந்தபோது விடியற்காலையிலேயே ஊரூர் குப்பத்துக்குப் போய், படகிலிருந்து இறங்கிய வஞ்சிரமாகப் பார்த்து வாங்கி வந்தேன். மனைவி வறுத்து டிபன் பாக்ஸில் அடுக்கினாள். மடத்து வாசலில் ஒரு சிஸ்டர் சிரித்த முகத்தோடு வாங்கி உள்ளே கொண்டுபோனார். பிறகுதான் தெரிந்தது, யார் வீட்டிலிருந்து என்ன வந்தாலும் அது பொதுச் சாப்பாட்டு மேசைக்குப் போய்விடும் என்று. என் மகளுக்கு ஒரே ஒரு துண்டு கிடைத்ததாம். அதுவும் வால் பக்கம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் கைகொட்டிச் சிரித்தாள். "எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சுப்பா" என்றாள். மெலிந்திருந்தாள். கைகளில் சோப்பு நீர் பட்டுப் பட்டு வெடிப்பு விழுந்திருந்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில் மனைவியிடம், இவளை எப்படியாவது வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவேன் என்று சொன்னேன். எப்படி என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

எப்படி என்பது அடுத்த மாதம் கிடைத்தது. மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை சாயங்காலம், சாமியாரோ சிஸ்டரோ அல்லாத பொதுநிலையினருக்கான வேதப் படிப்பு ஆரம்பிப்பதாகக் கோயிலில் அறிவித்தார்கள். நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். மனைவி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிரசங்கம் ஆரம்பித்ததும் கோயிலுக்கு வெளியே போய் பைக்குகளை எண்ணிக்கொண்டு நிற்கிறவன் நான். என் கணக்கு எளிமையானது. மகள் பைபிளை வைத்துப் பேசுகிறாள். அதனால் அதற்குள்ளேயே அவளை மடக்க ஒரு வசனம் இருக்க வேண்டும். ஓட்டை இல்லாத எதையும் நான் என் தொழிலில் பார்த்ததில்லை.

வகுப்பு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் அறையில் நடந்தது. பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். பாதிப் பேர் ஓய்வுபெற்ற டீச்சர்கள், அடுத்தவர் எழுதுவதை எட்டிப் பார்த்துத் திருத்துகிறவர்கள். பாடம் எடுத்த ஃபாதர் என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். வெளிநாட்டில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். படபடவென்று பேசுவார், கேள்வி கேட்டால் முகம் மலர்ந்துவிடும். நான் முதல் நாளே கேட்டேன். "தாய் தகப்பனை மதிக்கணும்னு கட்டளை இருக்கு. பெத்தவங்க வேண்டாம்னு சொல்லியும் பிள்ளை மடத்துக்குப் போனா அது பாவம்தானே ஃபாதர்?"

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "உங்க வீட்ல யாராவது போயிருக்காங்களா சார்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

அந்த வருடம் முழுக்க நான் வசனம் தேடினேன். பெற்றோர் பக்கம் பேசும் ஒன்றைக் கண்டுபிடித்தால், அதை அடிக்கும் இன்னொன்று நாலு பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கும். கடைசியில் ஒன்று சிக்கியது. பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதை, அது கடவுளுக்குக் காணிக்கையாகிவிட்டது என்று சொல்லிக் கைகழுவுகிறவர்களை இயேசு கண்டிக்கும் இடம். எனக்கு ஜுரம் வந்த மாதிரி ஆகிவிட்டது. சனிக்கிழமை ஃபாதர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"சரியான இடத்தைப் பிடிச்சிருக்கீங்க சார்" என்றார் அவர், உண்மையான சந்தோஷத்தோடு. "ஆனா அது பட்டினி கிடக்கிற பெத்தவங்களைப் பத்தி. உங்களுக்குச் சாப்பாட்டுக்கு ஏதாவது குறையா?"

"இல்ல ஃபாதர். சம்பளம் வருது."

"அப்ப அந்த வசனம் உங்களுக்கு இல்ல சார்."

இருந்தாலும் நான் அதை விடவில்லை. ஃபாதரிடம் தோற்றால் என்ன, மகளிடம் ஜெயித்தால் போதும் என்று மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டேன்.

ஆனால் தேடுகிற சாக்கில் எனக்கு வேறொன்று நடந்துகொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்து பூசையில் கேட்டுக் கேட்டுக் காதில் ஏறாமல் போன கதைகளை முதல் தடவையாக வாசித்தேன். ஏரிக்கரையில் இரண்டு அண்ணன் தம்பிகள் அப்பாவோடு படகில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். இயேசு கூப்பிடுகிறார். அவர்கள் அப்பாவைப் படகிலேயே விட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். எத்தனை தடவை கேட்டிருப்பேன், அந்தப் படகில் ஒரு அப்பா உட்கார்ந்திருக்கிறார் என்பது என் கண்ணில் பட்டதே இல்லை. நான் கையைத் தூக்கினேன்.

"ஃபாதர், அந்த அப்பா அப்புறம் என்ன ஆனாரு?"

"எழுதல சார்."

"அதெப்படி எழுதாம விடுவாங்க?"

அவர் சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே, "எனக்கும் தெரியல. எங்கப்பாவும் இதையேதான் கேட்டார்" என்றார். அன்றைக்குப் பாடம் அதற்கு மேல் நகரவில்லை. ஒரு டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு என்ன கதையோ.

அதற்குப் பிறகு நான் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதும் படித்தேன். மனைவி சீரியல் பார்க்கும்போது சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். ஒன்று புரிந்தால் பத்து புரியாமல் போனது. ஐம்பது வயதில் இது என்ன பசி என்று எனக்கே வெட்கமாக இருந்தது. மகள் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாளே, நானே தெரிந்துகொள்ள வேண்டும் என்று, அந்த வாக்கியம் எனக்கு அர்த்தமாவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. சில நாள் கோயிலில் ஒன்றும் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். கனவில் கடவுள் வந்து என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஆயுளும் வேண்டாம் சொத்தும் வேண்டாம், கேட்டுப் புரிந்துகொள்ளும் மனசு கொடு என்று சொன்ன அந்த இளம் ராஜாவைப் பற்றி ஃபாதர் பாடம் எடுத்திருந்தார். நானும் அப்படிக் கேட்டுப் பார்ப்பேன். கேட்டு முடித்ததும், "அப்படியே என் பொண்ணையும் அனுப்பி வை" என்று வாய் தானாகச் சேர்த்துக்கொள்ளும். எத்தனை படித்தாலும் அந்தப் பின்குறிப்பு மட்டும் போகவில்லை.

அடுத்த ஜூலையில் ஒரு சந்திப்பு ஞாயிறு. மனைவிக்குக் கடுமையான காய்ச்சல். படுத்த இடத்திலிருந்தே, "நீங்க மட்டும் போங்க. அவகிட்ட பேசிக் கூட்டிட்டு வாங்க. இந்தத் தடவை எனக்கு என்னமோ தோணுது" என்றாள். ஒரு வருடத்தில் அவளும் என் பக்கம் வந்துவிட்டிருந்தாள். மகளின் அறையைப் பெருக்கி, கட்டிலுக்குப் புதுப் போர்வை போட்டு வைத்திருந்தாள். நான் என் வசனத்தை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு கிளம்பினேன்.

மகள் என்னைப் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மாவுக்கு என்ன என்று கேட்டாள். சொன்னேன். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கப் போனேன். அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"முடியலப்பா" என்றாள். "கடவுளைத் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன். காலையில எந்திரிச்சதுல இருந்து பாத்ரூம் கழுவுறேன், காய் நறுக்குறேன். ஜெபத்துக்கு உட்கார்ந்தா தூங்கிடுறேன். முழிச்சுக்கிட்டு இருந்தாலும் ஒண்ணும் கேக்கல. வீட்ல இருந்தப்போ தெரிஞ்சதுகூட இப்போ தெரியல."

"யாராவது திட்டுனாங்களாம்மா?"

"இல்லப்பா. எல்லாரும் நல்லவங்க. அதனாலதான் யார்கிட்டயும் சொல்ல முடியல." முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்பா, வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே பெட்டியை எடுத்துட்டு வந்துடுறேன்."

நான் ஒரு வருடத்துக்கு மேலாகக் கெஞ்சிக் கேட்டது என் மடியில் வந்து விழுந்துவிட்டது. வசனம்கூடத் தேவைப்படவில்லை. வா என்ற ஒரு எழுத்து. எழுந்து நின்று கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனால், சாயங்காலக் காப்பிக்கு அவள் எங்கள் வீட்டில் இருப்பாள். அந்த எழுத்து என் வாயில் இருந்தது. எச்சிலோடு சேர்ந்து அதன் ருசி கூடத் தெரிந்தது.

ஆனால் அவள் சொன்னதை நான் கேட்டுவிட்டேன். அதுதான் தொந்தரவாகப் போயிற்று. ஒண்ணும் தெரியல என்று அவள் சொன்னது என் குரல் மாதிரியே இருந்தது. சமையலறையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் எனக்குள்ளேயே சொல்லிக்கொள்வதும் அதைத்தான். நான் அதனால் படிப்பை விட்டுவிட்டேனா? தெரியாமல் போகப் போகத்தான் ஆசை ஜாஸ்தியாயிற்று. அவள் களைத்திருந்தாள். முடிவை என் தலையில் இறக்கி வைக்கப் பார்த்தாள். நான் கூப்பிட்டு வந்தால், பெற்றவர்களுக்காக வந்தேன் என்று வாழ்நாள் முழுக்க நினைப்பாள். கடவுளைப் பற்றிய அந்தக் கேள்வியும் பெட்டியோடு சேர்ந்து வீட்டுக்கு வரும். அப்போது அதைக் கேட்க அவளுக்கு இடம் இருக்காது.

"நான் வான்னு சொல்ல மாட்டேன்மா" என்றேன். குரல் வேறு யாருடையதோ போல வந்தது. "இருன்னும் சொல்ல மாட்டேன். நீயே யோசி. ஒரு வாரமோ ஒரு மாசமோ. வரணும்னு நீயா முடிவு பண்ணி ஒரு போன் அடி. எந்த நேரமா இருந்தாலும் வந்து கூட்டிட்டுப் போறேன். யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன்."

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். "நீங்க வேண்டாம்னு எவ்ளோ சண்டை போட்டீங்க? இப்ப நானே வரேன்னு சொல்றேன்..."

"தெரியும்மா."

"வேற எந்த அப்பாவா இருந்தாலும் கூட்டிட்டுப் போயிருப்பாரு" என்றாள். மணி அடித்தது. எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் பஸ்ஸில் வரவில்லை, நடந்தே வந்தேன். பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது, ஆற்று நாற்றம். திரும்பிப் போய்க் கூப்பிட்டுவிடலாமா என்று இரண்டு இடத்தில் நின்றேன். வாசல் மணி அடித்ததும் மனைவி காய்ச்சலோடு எழுந்து வந்து கதவைத் திறந்தாள். என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவளே வரேன்னாளா?" என்றாள். "அவளே வரேன்னு சொல்லியும் விட்டுட்டு வந்தீங்களா? நீங்க இத்தனை நாளாப் படிச்சுக் கிழிச்சது இதுக்குத்தானா?"

அவள் பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நான் போன் எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டு, ஆபீஸ் மீட்டிங்கில்கூட அதைக் கையில் வைத்திருந்தேன். அது அடிக்கவில்லை. சனிக்கிழமை வகுப்புக்குப் போய் உட்கார்ந்தேன். காதில் ஒன்றும் விழவில்லை. இருந்தாலும் போனேன்.

மாதத்தின் முதல் ஞாயிறுகளில் மகள் அம்மாவோடு பேசுவாள். கடைசியில் போன் என் கைக்கு வரும். "நல்லா இருக்கீங்களாப்பா?" "நல்லா இருக்கேன்மா." அவ்வளவுதான். சந்திப்பு ஞாயிறுகளில் நேரில் பார்த்தபோதும் பெஞ்சில் நடந்ததை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அப்படியே ஒரு மழைக்காலம் போனது, கிறிஸ்துமஸ் போனது.

போன மாதம் அவள் என்னிடம் பேச வேண்டும் என்று முதலிலேயே கேட்டாளாம். மனைவி போனை என்னிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அப்பா, அன்னைக்கு உங்க மேல ரொம்பக் கோவமா இருந்தேன்."

"தெரியும்மா."

"நீங்க வான்னு சொல்லியிருந்தா வந்திருப்பேன்."

"அதுவும் தெரியும்."

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது. பிறகு அவள் சிரித்தாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்ததும் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது.

"இன்னும் ஒண்ணும் பெருசாத் தெரியலப்பா" என்றாள். "ஆனா இப்ப நீங்களே வந்து கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன்."

"நல்லதும்மா" என்றேன். நன்றாகத்தான் சொன்னேன், குரல் உடையவில்லை. போனை வைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

"என்ன சொன்னா?" என்று மனைவி கேட்டாள்.

"நல்லா இருக்காளாம்" என்றேன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. மனைவி பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு என் மகள் வேண்டும், அவ்வளவுதான் என்றேன்.